வாசலில் கேட்க வேண்டிய கையெழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், குடியிருக்கும் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மழை தள்ளிப்போவதைப் பற்றிப் பேசினார். பஸ்ஸில் கூட்டம் அதிகமாகிவிட்டதைப் பற்றிப் பேசினார். காபி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை வாங்கிக் குடித்தார். அப்புறம் எழுந்தார், செருப்பை மாட்டிக்கொண்டார், கேட்டைத் திறந்து ஒரு காலை ரோட்டில் வைத்தார். அப்போதுதான் வாய் திறந்தது. "ஆ, மறந்தே போச்சு பாருங்க மேடம்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் வெளியே வந்தது. மகனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ். அதில் என் கையெழுத்து வேண்டும்.

கையெழுத்துப் போட ஐந்து விநாடி ஆகும். நான் அரசாங்கக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள். கெஜட்டில் பெயர் வந்த உத்தியோகம் என்பதால் என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது இப்படி வந்தபடி இருக்கிறார்கள். ஒருவராவது உள்ளே நுழையும்போதே "கையெழுத்து வேணும்" என்று சொன்னதில்லை. எனக்கும் வந்தவுடன் "என்ன விஷயம்?" என்று கேட்க வாய் வருவதில்லை. கேட்டால் "ஏன் வந்தாய்?" என்று கேட்டதாக ஆகிவிடும். ஆகவே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுகிறோம். அவர் போன பிறகும் மத்தியானம் வரை எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றியது.

இந்த எரிச்சல் நேற்று வந்ததல்ல. எனக்குப் பதினெட்டு வயதில் ஆரம்பித்தது. காரணம் என் அப்பா.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் மல்லேஸ்வரத்தில் இருந்தோம். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அப்பா ஒரு சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷம் இருந்து, தலைமை குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். ஃபைலில் ஒரு தேதி தப்பாக இருந்தால் அது அவர் மேஜையைத் தாண்டிப் போகாது என்று பெயர் வாங்கியவர். நான் அவருக்கு ஒரே பெண். இன்டர்மீடியட் முடித்துவிட்டு பி.எஸ்ஸி. சேர வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

மார்க் இருந்தது. பெண்கள் கல்லூரியில் இடமும் இருந்தது. விண்ணப்பத்தோடு வைக்க ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. கெஜட்டட் அதிகாரி ஒருவர், "இந்தப் பெண்ணை எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும், நடத்தை நல்லது" என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது இல்லாவிட்டால் விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் அதற்கப்புறம் கல்லூரிப் பேச்சே கிடையாது, கல்யாணப் பேச்சுதான். அம்மா இதை என்னிடம் மறைத்ததே இல்லை.

அப்படி ஒரு அதிகாரி எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிராஸ் தள்ளி இருந்தார். நடந்தால் எட்டு நிமிஷம். எங்கள் ஜாதிக்காரர்தான். இளம் வயதில் அப்பாவின் கீழே வேலைக்குச் சேர்ந்து, நோட் எழுத அப்பாவிடம் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி மளமளவென்று மேலே போனவர். அவ்வளவு பெரிய உத்தியோகத்துக்குப் போன பிறகும் அப்பாவைப் பார்த்தால் எழுந்து நின்றுவிடுவார். அதனால் அப்பாவுக்குச் சங்கடம். அப்பா சங்கடப்படுகிறாரே என்று அவருக்குச் சங்கடம். இந்த இரண்டு சங்கடத்துக்கும் நடுவில் என் பி.எஸ்ஸி. மாட்டிக்கொண்டது.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்," என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தையை எங்கே, எப்போது சொல்வது என்பதற்கு அவரிடம் ஒரு சட்டப் புத்தகமே இருந்தது. போனவுடன் சொல்லக் கூடாது. காரியத்துக்காகத்தான் வந்தான் என்று ஆகிவிடும். காபி வருவதற்கு முன்னால் கூடாது. காபி குடித்தவுடனும் கூடாது, காபிக்காகத்தான் காத்திருந்தான் என்று ஆகிவிடும். அவர் தன் வீட்டு விஷயம் பேசும்போது குறுக்கே விழக் கூடாது. கிளம்பி, வாசலுக்கு வந்து, செருப்பு மாட்டி, கேட்டைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி சொல்ல வேண்டும்.

"ஏம்ப்பா, முதல்லயே கேட்டா என்ன?"

"அப்படிக் கேட்டா, அவரால முடியாதுன்னு சொல்ல முடியாதும்மா. உள்ளே உக்கார வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்வார்? வாசல்னா, 'பாக்கலாம்'னு சொல்லிட்டு உள்ளே போயிடலாமில்ல. அவருக்கு ஒரு வழி விடணும்."

"அவரு முடியாதுன்னே சொல்ல மாட்டாரேப்பா!"

"சொல்ல மாட்டார்தான். ஆனாலும் விடணும்."

வேறு யாரிடமாவது வாங்கலாமே என்றேன். "இவரை விட்டுட்டு இன்னொருத்தர்கிட்ட போனா இவர் என்ன நினைப்பார்?" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டின் உள்பையில் கல்லூரி கொடுத்த அச்சடித்த படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு போனார். பன்னிரண்டரைக்கு வந்தார். படிவம் பையிலேயே இருந்தது.

நடந்தது இது. பிஸ்கட்டும் காபியும் கொடுத்தார்கள். அப்பா விடைபெற்று வாசலுக்கு வந்தார். அதிகாரி கேட்டோடு நிற்காமல், மரியாதைக்காகக் கிராஸ் முனை வரைக்கும் கூடவே வந்துவிட்டார். இவ்வளவு தூரம் வந்தவரைத் தனியாக அனுப்பலாமா என்று அப்பா அவரோடு திரும்பி அவர் வீட்டுக் கேட்டு வரைக்கும் போனார். அவர் மறுபடி முனை வரைக்கும் வந்தார். கடைசியில் இரண்டு பேரும் பாதி வழியில் ஒரு லைட் கம்பத்தடியில் பிரிந்திருக்கிறார்கள். "அங்க வெச்சுக் கேட்டிருக்கலாமே?" என்று கத்தினேன். "நடுரோட்டில வெச்சா கேப்பாங்க?" என்று அப்பா நிஜமான ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உப்பிட்டு, நம் உப்புமாதான், போட்டார்களாம். வாசலுக்கு அதிகாரியின் மனைவி, அந்த அம்மாவும் கூடவே வந்துவிட்டாராம். பெண்பிள்ளை நிற்கும்போது ஆபீஸ் காகிதத்தை எப்படி வெளியே எடுப்பது? அதுவுமில்லாமல் அந்த அம்மா என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். என்ன படித்திருக்கிறாள், பாட்டு வருமா, சமைப்பாளா, எத்தனை வயது. அப்பா பூரித்துப்போய் வந்தார். "உன்மேல அவங்களுக்கு எவ்வளவு அக்கறை தெரியுமா?"

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. "உப்பிட்டுல நெய் விட்டிருந்தாங்களா?" என்று கேட்டார்.

"முந்திரிப்பருப்பே இருந்தது."

அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. என் கவனமெல்லாம் கோட்டுப் பையில் கிடந்த அந்தப் படிவத்தின் மேலேயே இருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலத்தோடு விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. "நீயும் வா. உன்னைப் பார்த்தா, மேல என்ன படிக்கப்போறேன்னு அவரே கேப்பார். பேச்சு தானா வந்துடும்." எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அம்மா என்னை நிறுத்தி, தலையைப் பிரித்து மறுபடி பின்னி, தன்னுடைய பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டிவிட்டார். கையெழுத்து வாங்கப் போக எதற்குப் பட்டு என்று கேட்டேன். "பெரிய மனுஷங்க வீடு," என்றார்.

அந்தக் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "பன்னி சார், பன்னி, வாம்மா," என்று கன்னடத்தில் வரச் சொல்லிக்கொண்டே அதிகாரி எழுந்து நின்றார். "நீங்க உக்காருங்க," என்றார் அப்பா. "நீங்க முதல்ல உக்காருங்க சார்." இதிலேயே ஒரு நிமிஷம் போனது. அப்புறம் லால்பாக் ரோஜாக்கள். பழைய ஆபீசில் ஓடு ஒழுகியது. மழை. அந்த அம்மா கேசரி பாத்தும் போண்டாவும் கொண்டுவந்தார். காபி வெள்ளி டம்ளரில் வந்தது. அப்பா வேண்டாம் என்றார். "அரை டம்ளர், ஸ்வல்பம்தான்," என்றார் அந்த அம்மா. "இப்பத்தான் வீட்ல ஆச்சு." "டிகாக்ஷன் இறக்கிட்டேனே." குடித்தார். அவர்களுடைய ஒரே மகன், தொழிற்சாலையில் எஞ்சினீயர், ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். அரை மணி நேரமாக ஒரே பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு மெதுவாகப் படிக்கிறவர் எப்படி எஞ்சினீயர் ஆனார் என்று யோசித்தேன். அவ்வளவுதான் என் புத்தி போனது.

மேலே என்ன படிக்கப்போகிறாய் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. பால் பாயசம் செய்யத் தெரியுமா என்று கேட்டார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா எனக்குக் குங்குமம் கொடுத்து, தலை நிறைய மல்லிகை வைத்து, வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணியும் கொடுத்தார். வாசலுக்கு வந்தோம். அப்பா கேட்டைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். கை கோட்டின் உள்ளே போனது. "ஒரு நிமிஷம் சார்," என்று சொல்லிவிட்டு அதிகாரி தோட்டத்துப் பக்கம் ஓடி, கொடியில் காய்த்த சௌசௌ என்கிற சீமைக் கத்தரிக்காயை ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். அப்பாவின் கை கோட்டுக்குள்ளிருந்து வெறுமனே வெளியே வந்தது.

"வாங்கின கையோட இன்னொண்ணு கேக்க முடியுமா?" என்றார் வழியில். நான் முன்னால் வேகமாக நடந்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் சீமைக் கத்தரிக்காய்க் கூட்டு. இன்றைக்கும் அந்தக் காயைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

"வியாழக்கிழமை கடைசி நாள்ப்பா," என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"அடுத்த ஞாயிறு கண்டிப்பா கேட்டுடறேன். ரெண்டு நாள் தாமதமானா காலேஜில பொறுத்துக்க மாட்டாங்களா? பிரின்சிபாலுக்கு வேண்டியவர் ஒருத்தர் காந்தி பஜார் பக்கம் இருக்கார். அவரை ஒரு தடவை போய்ப் பார்த்தா..."

இன்னொரு வீடு, இன்னொரு காபி, இன்னொரு வாசல். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

திங்கட்கிழமை முழுவதும் யோசித்தேன். படிவம் அப்பாவின் கோட்டுப் பையில் இருந்தது, எடுத்தால் தெரிந்துவிடும். ஆகவே அதிலிருந்த வாசகத்தை ஒரு முழுநீளத் தாளில் நானே எழுதிக்கொண்டேன். என் நடத்தை நல்லது என்று என் கையெழுத்திலேயே அழகாக எழுதினேன். செவ்வாய்க்கிழமை காலை, சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பழைய நூல் புடவையோடு மூன்று கிராஸ் நடந்தேன்.

அதிகாரி வேட்டி கட்டிக்கொண்டு ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "வாம்மா, வா. அப்பா வரலையா?" என்றார். நான் கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னேன். "சார், எனக்கு ஒரு கையெழுத்து வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். கேட்டின் கம்பி வழியாகத் தாளை நீட்டினேன். "காலேஜுக்கு சார். வியாழக்கிழமை கடைசி நாள். அப்பா மூணு வாரமா உங்ககிட்ட கேக்க நினைச்சார். முடியலை."

அவர் தாளை வாங்கிப் படித்தார். நாலே வரி. ரொம்ப நேரம் படித்தார். அதற்குள் அந்த அம்மா என் குரலைக் கேட்டு முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்துவிட்டார். "ஏன் வாசல்லயே நிக்கிறே? உள்ளே வா, காபி ஆயித்தா? வெள்ளிக்கிழமை கோயில்ல உங்கம்மாவைப் பார்த்தேன். உன் நட்சத்திரம் சொன்னாங்க. நாங்க பார்த்துட்டோம், எட்டு பொருத்தம் சரியா..."

"இரு," என்றார் அதிகாரி, அவர் பக்கம் திரும்பாமலே.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பெண்ணைப் பெற்ற ஒருவர் மூன்று ஞாயிறு தொடர்ந்து வருகிறார். வந்த விஷயத்தைச் சொல்லாமல் மென்று முழுங்குகிறார். மூன்றாவது தடவை பெண்ணைப் பட்டுப் புடவையில் கூட்டிக்கொண்டு வருகிறார். பையன் வீட்டில் என்ன நினைப்பார்கள்? அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள். அப்பாவே வாய்விட்டுச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். கூச்சப்படுகிறாரே என்று ஒவ்வொரு வாரமும் டிபனைப் பெரிதாக்கினார்கள். டிபன் பெரிதாகப் பெரிதாக அப்பாவுக்குக் கேட்க வாய் வரவில்லை. நான்கு பெரியவர்கள், அவர்களில் ஒருவர்கூட முட்டாள் இல்லை. ஒருவராவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்கும். என் வாழ்க்கை அந்தக் கூடத்தில் கேசரித் தட்டுகளோடு கைமாறிக்கொண்டிருந்தது, யாருக்கும் வாயில் கொழுக்கட்டை!

"அப்பா இதுக்குத்தான் வந்தாரா?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம் சார்."

அந்த அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டார். என்மேல் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அதிகாரி உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்து, ரோஜாத் தொட்டியின் விளிம்பில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பதவியை எழுதினார். தேதி போட்டார். ஊதிக் காயவைத்தார். "நீ வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"சொல்லாதே."

"ஏன் சார்?"

"அவர் இன்னும் என்கிட்ட கேக்கலை," என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் அவர்மேலும் கோபம் வந்தது. தாளை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. "காபி கூட சாப்பிடாமப் போறாளே!" அதில் கோபமில்லை. நிஜமான வருத்தம்தான் இருந்தது.

அன்றைக்கே பஸ் பிடித்துப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். கையால் எழுதிய தாளைப் பார்த்துக் கல்லூரி குமாஸ்தா முகம் சுளித்தார், ஆனால் கையெழுத்தைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார். என் பி.எஸ்ஸி. தப்பித்தது. திரும்பி வந்து நேராக அடுப்படிக்குப் போனேன்.

"அவங்ககிட்ட என் நட்சத்திரம் சொன்னியாம்மா?"

"கேட்டாங்க, சொன்னேன்." அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"எதுக்குக் கேட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"நல்ல இடம்டி," என்றார். "தானா நடந்தா நடக்கட்டும்னு இருந்துட்டேன்." தண்ணீரை வடித்தார். "அவங்களுக்கு இப்பத் தெரியுமா?"

"தெரியும்."

அம்மா தலையாட்டினார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. நான் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது பழகிப்போன விஷயம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி அடித்தபோது அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். "திங்கட்கிழமை கொடுத்தாலும் வாங்கிக்குவாங்கம்மா," என்றார். "சரிப்பா," என்றேன். அவர் நின்றார். மூன்று வாரமாக இந்தப் பேச்சுக்கு வீட்டுக் கூரை பிய்யக் கத்தியவள் நான். "கோவமில்லையா?" என்று கேட்டார். "இல்லைப்பா," என்றேன்.

நான்காவது ஞாயிறு காலை அவர் கோட்டை மாட்டும்போது சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். போகாதீங்க, கொடுத்தாச்சு. இரண்டே வார்த்தை. அவர் படிவத்தை எடுத்து, மடிப்புகளைக் கையால் நீவி, மறுபடி பையில் வைத்தார். ஒரு மூலையில் காபிக் கறை இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கே வந்துவிட்டார். கையில் துணிப்பை இல்லை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கேட்டேன்! வாசல்ல, பேச்சோட பேச்சா. ஒரு விநாடி யோசிக்கலை அவர். பேனாவை ஜேபியிலேயே வெச்சிருந்தார். மனுஷன்னா அப்படி இருக்கணும். நீ என்னமோ நேராக் கேளு, நேராக் கேளுன்னு குதிச்சியே?"

"கடைசி நாள் போயிடுச்சுன்னு சொன்னீங்களாப்பா?"

"சே, தேதியைச் சொல்லி அவசரப்படுத்துவாங்களா? அதைப் பத்தி மூச்சே விடலை."

"டிபன் என்ன?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டார்.

"காபி மட்டும்தான்," என்றார் அப்பா. அடுப்படியில் மறுபடி கரண்டிச் சத்தம் கேட்டது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சான்றிதழை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மூன்று வருஷமாகத் தெரியும், நடத்தை நல்லது, கையெழுத்து, பதவி. இன்னொரு தடவையும் படித்தார். பிறகு மடித்து என் கையில் கொடுத்தார். "நாளைக்கே கொண்டுபோய்க் கொடு."

திங்கட்கிழமை கிளம்பினேன். எங்கே போவது? கல்லூரியில் எனக்கு வேலையில்லை. சம்பிகே ரோட்டில் ஒரு மரத்தடியில் நின்று அந்தப் படிவத்தைப் பிரித்துப் பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே தேதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமையின் தேதி இல்லை. முந்தின செவ்வாய்க்கிழமையின் தேதி.

அதிகாரி எனக்கு உதவி செய்ய நினைத்திருக்கிறார். கல்லூரிக்கு வியாழக்கிழமைக்குள் என்று நான் சொன்னது அவர் மனதில் இருந்திருக்கிறது. ஆனால் கடைசி நாளைப் பற்றி அப்பா அவரிடம் மூச்சே விடவில்லை. அப்படியானால் முன்தேதி போட வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? தேதியைப் பார்க்கிற எவருக்கும் தெரியும், நான் ஒருத்திதான் சொல்லியிருக்க முடியும்.

மரத்தடியில் நின்றபடி நினைத்துப் பார்த்தேன். தப்புத் தேதியோடு ஒரு காகிதத்தைத் தன் மேஜையைத் தாண்ட விடாத மனிதர், கண்ணாடி போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். இரண்டு தடவையும் தேதியை மட்டும் படிக்கவில்லை.

ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன்ப்பா."

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க."

பக்கத்தைத் திருப்பினார். "தேதியெல்லாம் சரியா இருந்ததா?"

"சரியா இருந்ததுப்பா."

"அப்ப சரி," என்றார்.

நான் பி.எஸ்ஸி. முடித்தேன், மேலே படித்தேன், வேலைக்கு வந்தேன். அதிகாரியின் மகனுக்கு அடுத்த வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. கல்யாணத்தில் அந்த அம்மா எனக்குப் பூ கொடுத்து, காபி குடிக்காமல் நகர விடவில்லை. இரண்டாவது சான்றிதழ் காபிக் கறையோடு இன்றும் என் பெட்டியில் இருக்கிறது.

அப்பா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். ஒரே வீட்டில், தினமும் ஒரே கூடத்தில். "உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஐந்து விநாடி ஆகியிருக்கும். அவராவது கேட்டிருக்கலாம். என்ன மனிதர்கள் நாங்கள்! கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றைக்கு, இன்று கேட்டே தீருவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டார். சொன்னேன். ரோஜாக்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். எழுந்திருக்கட்டும், கிளம்பும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.